நரக்யா மரமும் அமிலமும்

மகாபலேஷ்வர் காட்டில் நரக்யா என்றொரு மரம். ஒடித்தால் நாற்றம். 1972-இல் பம்பாய் சிபா ஆய்வு மையத்தில் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும் இதிலிருந்து கேம்ப்டோதெசின் என்ற புற்றெதிர்ப்பு மூலக்கூறைப் பிரித்தார்கள். கோவிந்தாச்சாரி அதற்கு முன் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர். சீன மரமொன்றில் கேம்ப்டோதெசினை 1966-இல் முதலில் கண்டவர்கள் வால், வாணி என்ற வேதியியலாளர்கள். வாணியும் மகாராஷ்டிரத்துக்காரர், நந்துர்பார்.

அந்த மூலக்கூறின் உயிர் ஒரு லாக்டோன் வளையத்தில் இருக்கிறது. ரத்தத்தின் பிஎச் 7.4, அங்கே வளையம் திறந்து மருந்து வலுவிழக்கும். அமிலத்தில் மூடிக்கொண்டு மீண்டும் வேலை செய்யும். புற்றுக்கட்டியைச் சுற்றி பிஎச் ஏறக்குறைய 6.5 முதல் 6.9. செல்லுக்குள் லைசோசோம் என்னும் சிறு பையில் 5-க்கும் கீழே. அமிலம் பட்டால் உடையும் பிணைப்பில் மருந்தைக் கோத்து அனுப்பும் யோசனைக்கு இந்த வேறுபாடுதான் அடிப்படை.

ஆனால் 1970-களின் தொடக்கத்தில் நோயாளிகள் பட்டதை மறக்கக் கூடாது. நீரில் கரையட்டும் என்று வளையம் திறந்த சோடிய உப்பைக் கொடுத்தார்கள். சிறுநீரும் அமிலம்தானே. சிறுநீர்ப்பையில் வளையம் மூடிக்கொண்டது. புண்ணாகி ரத்தம் கசிந்தது. சோதனைகள் நின்றன. அமிலம் மட்டுமே முகவரி ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

புனே பாஷாணில் ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே பேராசிரியர் எம். ஜெயக்கண்ணன் குழு 2012-இல் டெக்ஸ்ட்ரான் சர்க்கரையோடு முந்திரிக்கொட்டை ஓட்டெண்ணெயிலிருந்து வரும் ஒரு பொருளை இணைத்து நுண்பைகள் செய்தது. உள்ளே வைத்த கேம்ப்டோதெசினின் வளையம் காப்பாற்றப்பட்டது. இவற்றைத் திறப்பது அமிலமல்ல, செல்லுக்குள் இருக்கும் எஸ்டரேஸ் நொதி. எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது: முதலில் காப்பு, பிறகுதான் திறப்பு.

அமில வழி வென்ற இடமும் உண்டு. 2020-இல் அமெரிக்கா அனுமதித்த சாசிடுசுமாப் கோவிடெகான், மும்மை எதிர்மறை (ட்ரிபிள் நெகட்டிவ்) மார்பகப் புற்றுக்கானது. கேம்ப்டோதெசின் வழிவந்த எஸ்என்-38 அதில் அமிலத்தில் அறுபடும் இணைப்பால் ஓர் எதிர்ப்புரதத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. புற்றுச்செல்லின் மேலுள்ள ட்ரோப்-2 புரதத்தைத் தேடிப் பிடிப்பது அந்த எதிர்ப்புரதம். இடம் காட்ட ஒன்று, அவிழ்க்க ஒன்று.

ஆனால் மருந்தைச் சுமக்கும் நுண்துகள்கள் இடம் சேர்வதே அரிது. 2016-இல் ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள்: செலுத்திய நுண்துகள்களில் கட்டியைச் சேர்ந்தது, இடைநிலை அளவில், 0.7 சதவீதம். மீதி 99 சதவீதத்துக்கு மேல் உடம்பில் வேறெங்கோ.

மருந்தைக் கட்டிக்குக் கொண்டுசேர்க்கும் இத்துறைக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். பிஎச் 5-இல் மருந்து எவ்வளவு வெளிவந்தது என்ற வரைபடத்தோடு நிறுத்தாதீர்கள். 7.4-இல் எவ்வளவு கசிந்தது, சிறுநீர்ப்பை என்ன ஆனது, இரண்டையும் பக்கத்திலேயே போடுங்கள்.