முட்டி போட வைத்த பையன்



நேற்று இரவு என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். மகன் இரண்டாம் வகுப்பு. வட்டார வள மையத்தில் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு அவனை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். "மாமியார் வேண்டாங்கிறாங்க டீச்சர். ஊனம்னு எழுதிக் கொடுத்துட்டா ஊரே பேசும்ங்கிறாங்க" என்று அழுதாள். அவளிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

2004இல் என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். முகம் பார்த்துக் கேட்டால் பதில் சொல்வான். சொல்வதெழுதுதல் என்றால் பத்துக்குப் பூஜ்யம். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பாடம் சொன்னால் சும்மா உட்கார்ந்திருப்பான். திமிர் என்று நினைத்தேன். எத்தனை நாள் முட்டி போட வைத்தேன் என்று கணக்கில்லை.

ஒருநாள் வள மையத்துச் சிறப்பாசிரியர் வந்தார். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பெயரைச் சொல்லி அழைத்தார். இரண்டு முறை. அவன் திரும்பவே இல்லை.

முகாமுக்கு நானே அழைத்துப் போனேன். எலும்பு, கண், காது, மனநலம் என்று தனித்தனி டாக்டர்கள். காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, "கிளாஸ்ல எங்க உக்கார வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "கடைசி வரிசை சார்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை.

சில மாதங்களில் காது கேட்கும் கருவி வந்தது. சட்டைப்பையில் பெட்டி, அதிலிருந்து ஒயர். முன் வரிசைக்கு வந்தான். நான் எழுதத் தொடங்கியதும், "சாக்பீஸ் சத்தம் போடுது டீச்சர்" என்றான்.

அன்று சட்டத்தில் இருந்தவை 7 வகைக் குறைபாடுகள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகை. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பல சலுகைகள் என்பது உண்மை. ஆனால் முகாம் என்பது சான்றிதழுக்கு மட்டும் அல்ல. கண்ணாடியா, கருவியா, பிசியோதெரபியா, பிள்ளைக்கு எது தேவை என்று அங்கேதான் தெரியும். டாக்டர் எழுதுவதால் குறை வருவதில்லை. எழுதாவிட்டால் பிள்ளைக்கு "மக்கு" என்று நாம் பெயர் வைத்துவிடுவோம். நான் வைத்தேன்.

போகும்போது ஆதார், ரேஷன் கார்டு நகல்கள், போட்டோ, பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாம் எடுத்துப் போங்கள்.

அந்தப் பையன் இன்று எலக்ட்ரீஷியன். ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போகமாட்டான். முட்டி போட்டதை ஒருநாளும் பேசியதில்லை. நானும் வாய்விட்டுக் கேட்டதில்லை. இதை நீ படிப்பாய் என்று தெரியும். மன்னித்துவிடு கண்ணா.

வியாழக்கிழமை முகாம். மாணவியோடு நானும் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்