ஒன்பதாவது கேள்விக்கு அம்மா சொன்ன பதில்

பிரஷருக்கு ஒரு கருவி இருக்கிறது. சர்க்கரைக்கு ஒரு சொட்டு ரத்தம் போதும். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது வேலை செய்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? ரத்தத்தில் தெரியாது, ஸ்கேனிலும் தெரியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதையும் ஒவ்வொரு முறை ஒரே மாதிரி கேட்டால்தான் போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிட முடியும்.

இங்கிலாந்தில் மேக்ஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் இதற்காக 1960-ல் ஒரு அளவுகோலை வெளியிட்டார். மனச்சோர்வு மாத்திரைகள் புதிதாக வந்துகொண்டிருந்த காலம் அது. 17 அம்சங்கள், மொத்தம் 52 மதிப்பெண். நோயாளியிடம் பேசிப் பார்த்து மருத்துவரே மார்க் போட வேண்டும். மார்க் ஏற ஏற நோய் அதிகம் என்று அர்த்தம். மாத்திரை ஆராய்ச்சிகளில் இன்றும் இதுதான் பெரிய அண்ணன்.

வெளிநோயாளிப் பிரிவுக்கு அது நீளம். அங்கே கைகொடுப்பது பி.ஹெச்.க்யூ-9 என்ற ஒற்றைத் தாள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலாவது ஆர்வம் இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று ஒன்பது கேள்விகள். இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாளுக்கு மேல் என்றால் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போயிருந்தால் நல்லது என்றோ தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடும் ஓர் அம்மாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மூன்று மாதமாக மணையில் உட்காரவில்லை. கேட்டால், "நெஞ்சு கனமா இருக்கு, கை ஓடல" என்பார். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, மகள் அவரைப் பாளையங்கோட்டைக்கு மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனாள். அம்மா கண்ணாடி எடுத்து வரவில்லை. வரிசையில் உட்கார்ந்தபடி மகளே தாளை வாசித்து, டிக் அடித்தாள். ஒன்பதாவது கேள்வியில் அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"அப்படில்லாம் ஒண்ணுமில்லட்டி" என்றார் அம்மா.

மொத்தம் 16. மாத்திரை எழுதினார்கள்.

இரண்டு வாரம் கழித்து 12. மகளுக்குச் சந்தோஷம். ஆனால் இந்த முறை மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மருத்துவரே கேட்டிருந்தார். தூக்கத்தில் 2, பசியில் 2, அசதியில் 1 குறைந்திருந்தது. ஒன்பதாவதில் 0 இருந்த இடத்தில் 1 ஏறியிருந்தது.

"போன தடவையும் இருந்துச்சு டாக்டர். புள்ள வாசிக்கும்போது எப்படிச் சொல்ல?"

கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கிறவர் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று ஃபைலை மூடியிருப்பார். அந்த ஒரு வரிக்காக மருத்துவர் அரை மணி நேரம் பேசினார். அம்மாவின் சம்மதத்தோடு மகளிடமும் சொன்னார். ராத்திரி தனியாக விட வேண்டாம், மாத்திரை டப்பா மகளிடம் இருக்கட்டும், அவசரம் என்றால் 14416-க்குப் போன் செய்யலாம், அரசின் டெலி மானஸ் இலவச எண் அது என்றார்.

மார்க்கை நம்புவதில் உள்ள சிக்கல் ஹாமில்டன் காலத்திலிருந்தே இருப்பதுதான். அவருடைய அளவுகோலில் தூக்கத்துக்கு மட்டும் மூன்று அம்சங்கள், 6 மதிப்பெண். தூக்கம் வரவைக்கும் மாத்திரை என்றால், மனசு இருந்தபடியே இருந்தாலும் மார்க் இறங்கும். 2008-ல் இர்விங் கிர்ஷ் குழுவினர் பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அசல் மாத்திரைக்கும் மருந்தில்லாத போலி மாத்திரைக்கும் சராசரி வித்தியாசம் 2 மதிப்பெண்கூட வரவில்லை. 2018-ல் 522 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், 21 மருந்துகளும் போலி மாத்திரையைவிட மேல் என்றார்கள். இரண்டுமே சராசரிக் கணக்கு. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எந்த வரி இறங்கியது, எது இறங்கவில்லை என்று சராசரி சொல்லாது. பி.ஹெச்.க்யூ தாளில்கூட, பசியில்லாமல் கிடந்தவர் அளவுக்கு மீறிச் சாப்பிட ஆரம்பித்தாலும் அதே வரியில் அதே 3 தான்!

ஆறாவது வாரம் 8.

"பாதியாக் குறைஞ்சிட்டுல்லா டாக்டர், மாத்திரைய நிப்பாட்டிரலாமா?" என்றாள் மகள்.

பாதியாகக் குறைந்தால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். 5-க்குக் கீழே வர வேண்டும், வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான் என்றார் மருத்துவர். முதல் கேள்வியான ஆர்வத்தில் இன்னும் 2 நிற்கிறது. அம்மா மணைக்குத் திரும்பவில்லை. உளுந்து மாவு பதம் பார்த்துச் சொல்கிற அளவுக்கு வந்திருக்கிறார்.

ஒன்பதாவதில் 0. அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே மகள் தானாக எழுந்துபோய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.