ஆற்று மணலும் அப்பர்வத் பனியும்

கடமலைக்குண்டுக்காரன் ஒருவன் பனிச்சறுக்குக் கட்டை வாங்கக் கிளம்பினான் என்றால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். மார்கழி விடிகாலையில் மூல வைகை மேல் கொஞ்சம் மூடுபனி படர்ந்திருக்கும், அவ்வளவுதான் அந்த ஊருக்குத் தெரிந்த பனி. ஆனால் அவன் கிளம்பினான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நான்கு வருடமாக ஒவ்வொரு குளிர்காலமும் லீவு சேர்த்து வைத்துக் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போய்விடுவான்.

"ஏய்யா, மலைதான் பாக்கணும்னா இந்தா இருக்கு மேகமலை. அம்புட்டுத் தூரம் போய்க் கால ஒடிச்சுக்கிட்டு வரணுமாக்கும்?" என்பது அவன் அம்மாவின் வருடாந்திரக் கேள்வி. பதில் சொல்ல மாட்டான். சிரித்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவான். :)

முதல் வருடம் விழுந்து விழுந்து எழுந்தான். நான்காவது வருடம் சமன் செய்யாத சரிவுகளிலும் இறங்க வந்துவிட்டது. வாடகைக் கடையில் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போவது அலுத்துப் போனது. சொந்தமாக ஒரு ஜோடி ஸ்கீ வாங்க 80 ஆயிரம் ரூபாய் சேர்த்திருந்தான். எதை வாங்குவது என்பதுதான் பிரச்சினை.

குல்மார்க்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர் இருப்பது சுமார் 2,650 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து கேபிள் கார் இரண்டு கட்டமாக ஏறுகிறது. கோங்டூரி வரையான முதல் கட்டம் 1998-ல் வந்தது. அப்பர்வத் மலையின் தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும் இரண்டாம் கட்டம் 2005-ல் திறந்தது. ஐரோப்பாவில் மாதிரி எல்லாச் சரிவையும் இயந்திரம் வைத்து வாரித் தட்டையாக்கி வைத்திருக்க மாட்டார்கள். ஒரே இறக்கத்தில் மேலே பஞ்சு மாதிரிப் பனி, நடுவில் காற்று அடித்து இறுகிய மேடு, அதற்குக் கீழே நாலு பேர் இறங்கிக் கிழித்த தடம், மரங்களுக்கு நடுவே ஈரக்கனமான பனி என்று எல்லாம் வரும். இத்தனைக்கும் ஒரே கட்டை ஈடுகொடுக்க வேண்டும்.

பனி புரியாதவர்கள் மூல வைகை மணலை நினைத்துக்கொள்ளலாம். இரும்புப் பட்டை போட்ட பழைய கட்டை வண்டி மணலில் இறங்கினால் சக்கரம் புதையும், மாடு திணறும். அதே பாரத்தை டயர் வண்டி இழுத்துக்கொண்டு போய்விடும். பாரம் மாறவில்லை, அது பரவும் இடம்தான் மாறியது. அவன் எடை 68 கிலோ. நடக்கும்போது அது முழுவதும் ஒரு பாதத்தில், சுமார் 250 சதுர செ.மீ. பரப்பில் இறங்குகிறது. 180 செ.மீ. நீள அகல ஸ்கீ இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 4,000 சதுர செ.மீ. அழுத்தம் பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. இடுப்பளவு பனியிலும் மிதக்கிற ரகசியம் அதுதான்.

அப்படியானால் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

பழைய ஸ்கீ குறுகலாக இருக்கும். தரையில் வைத்தால் நடுப்பகுதி வில் மாதிரி மேலே தூக்கி நிற்கும். இதற்குக் கேம்பர் என்று பெயர். ஏறி நின்றதும் வில் தட்டையாகி, ஓரத்து இரும்பு நுனி முதல் வால் வரை பனியைக் கடிக்கும். இறுகிய பனிக்கு அது அருமை. ஆழப்பனியில் நுனி உள்ளே குத்திக்கொள்ளும். ஷேன் மெக்காங்கி என்ற வீரர் இதைத் தலைகீழாக யோசித்தார். ஆழப்பனி தண்ணீர் மாதிரி நடந்துகொள்கிறது, பிறகு கட்டை மட்டும் ஏன் படகு மாதிரி இருக்கக் கூடாது? இரண்டு முனையும் மேலே வளைந்து, நடு அகலமாக, 2002-ல் வோலன்ட் கம்பெனி வெளியிட்ட ஸ்பாட்டுலா அப்படிப் பிறந்தது. பனியில் மிதந்தது. ஆனால் இறுகிய தரையில் அதை ஓட்டுவது பெரும்பாடு.

இன்றைக்கு விற்கும் 'விளையாட்டுத்தனமான' ஃப்ரீரைடு ஸ்கீ இரண்டுக்கும் நடுவில் செய்துகொண்ட சமரசம். காலுக்குக் கீழே கொஞ்சம் வில், முன்னும் பின்னும் படகு. வாலும் நுனி மாதிரியே வளைந்திருப்பதால் பின்பக்கமாகவும் வழுக்கலாம். உள்ளே கனமான உலோகத் தகடு இல்லாமல் பெரும்பாலும் லேசான மரம். பூட்டைக் கொஞ்சம் நடுவாகப் பொருத்துவார்கள். அதனால் காலைச் சுழற்றினால் உடனே சுழலும், சின்ன மேட்டில் துள்ளும்.

அவன் கடையில் மூன்று ஜோடி எடுத்துக்கொண்டான். காலுக்குக் கீழ் அகலம் 88, 102, 116 மில்லிமீட்டர். முதலாவதில் உலோகத் தகடு உண்டு, மற்ற இரண்டும் மெத்து. மூன்று நாள், ஒரே சரிவு, ஒரே பூட்ஸ். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு சின்ன நோட்டில் குறிப்பு எழுதினான்.

முதல் நாள் முழங்கால் அளவு புதுப்பனி. 116 ராஜா. யோசிப்பதற்கு முன்பே திரும்பியது. 88-ல் நுனியைத் தூக்கி வைக்கவே தொடை எரிந்தது. இரண்டாம் நாள் எல்லோரும் இறங்கிக் குதறிய சரிவு. 88 நேராகக் கிழித்துக்கொண்டு போனது. 116 ஒவ்வொரு கட்டியிலும் தட்டித் திசை மாறியது. மூன்றாம் நாள் காலை இரவுக் குளிரில் இறுகிய தரை. 116-ஐ ஓரத்தில் நிறுத்த முழங்கால் வலித்தது, நுனி படபடவென்று அடித்தது. 102 மூன்று நாளிலும் முதலிடம் வாங்கவில்லை. எந்த நாளும் கடைசியாகவும் வரவில்லை. மரங்களுக்கு நடுவே சட்டென்று திரும்ப வேண்டிய இடத்தில் மட்டும் மற்ற இரண்டையும் தோற்கடித்தது.

ஆக, அவனைப் போல நடுத்தரமாக ஓட்டுகிறவனுக்கு 100-லிருந்து 106 வரை, மெத்தென்ற முனைகள், காலுக்குக் கீழ் மட்டும் விறைப்பு. இதுதான் நோட்டு சொன்ன தீர்ப்பு. புதிதாகக் கற்பவர்களுக்கு இது பொருந்தாது. சமன் செய்த தரையில் 80 சொச்சம் அகலமே திருப்பக் கற்றுக்கொடுக்கும்.

மூன்றாம் நாள் மாலை கூட வந்த உள்ளூர் வழிகாட்டியிடம் நோட்டைப் பெருமையாகக் காட்டினான். வழிகாட்டி நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கட்டை நன்றாகத் திரும்புகிறது, சரி. நீ புதைந்தால் உன்னை எதை வைத்துத் தேடுவது, பாய்?"

2023 பிப்ரவரி 1 அன்று அப்பர்வத் சரிவில் பனிச்சரிவு வந்து போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். கேபிள் காருக்கு நேர் கீழே உள்ள பகுதியைத்தான் பாதுகாப்புக் குழு கவனிக்கிறது. அதைத் தாண்டினால் அவரவர் பாடு. பனிச்சரிவு அதிகம் கிளம்புவது 30-லிருந்து 45 டிகிரி சரிவில். ஸ்கீ ஓட்ட ஆசை வருவதும் அதே சரிவில்தான். புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க, புதைந்தவர், தேடுகிறவர் இருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸில் பேசும் பீக்கன் வேண்டும். கூட ஒரு மண்வெட்டி, குத்திப் பார்க்க நீளமான கம்பி.

அவன் நான்கு வருடமும் பீக்கனை வாடகைக்கு எடுத்து மாட்டியிருக்கிறான். அதை வைத்துத் தேடிப் பழகியதே இல்லை. மிதக்கிற கட்டை கையில் வந்தால் இன்னும் தள்ளி, இன்னும் ஆழமான பனிக்குத்தான் போயிருப்பான். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஊர் திரும்பியவன் ஸ்கீ வாங்கவில்லை. பீக்கன், மண்வெட்டி, கம்பி மூன்றுக்கும் பணத்தில் பாதி போனது. மீதியைப் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்புக்கு ஒதுக்கினான். 102-ஐ அடுத்த முறையும் வாடகைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு வந்தபோது அம்மா பீக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னய்யா, போனா?"

"பனிக்குள்ள மாட்டிக்கிட்டா எங்க இருக்கோம்னு காட்டிக் குடுக்கும்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மேல மலையில மழைன்னா இங்க ஆத்துக்குள்ள எறங்க மாட்டோம். ரெண்டு நாள் கழிச்சுத்தான் போவோம். அங்கயும் அப்படி ஒரு கணக்கு இருக்குமில்ல?" என்றார்.

இருக்கிறது. பெரிய பனிப்பொழிவுக்கு அடுத்த ஒன்றிரண்டு நாட்கள்தான் மிக ஆபத்தானவை. பயிற்சி வகுப்பின் முதல் பாடமே அதுதான். அவன் அதை அம்மாவிடம் சொன்னான், நோட்டிலும் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டான்.