கடிகையும் கடவுச்சீட்டும்

எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்துக்குப் பெரிய கனவெல்லாம் கிடையாது. பிள்ளையார்பாளையத்து முதிய நெசவாளர்களிடம் சென்று, பாவு, ஊடை, கோர்வை என்று தறியைச் சுற்றி வழங்கும் சொற்களை அவர்கள் குரலிலேயே பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். கருவிகளுக்குப் பணம் தர இரு பழைய மாணவர்கள் முன்வந்தார்கள். இருவரும் ஒரே தெரு, ஒரே வகுப்பு. சிங்கப்பூரில் இருப்பவர் இந்தியக் குடிமகன். தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அவர் அனுப்புவது சட்டப்படி அயல்நாட்டு நன்கொடை அன்று. மற்றவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டார். அவர் தரும் ஒரு ரூபாயும் அயல்நாட்டு நன்கொடையே.

அதைப் பெற, அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். பதிவுக்கு, கடந்த 3 ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கு வேண்டும். எங்கள் மன்றத்தின் செலவில் பெரும்பகுதி தேநீரும் பொன்னாடையும்! முன் அனுமதி என்றொரு வழி உண்டு. ஆனால் 2020 திருத்தத்துக்குப் பின், எவ்வழியில் வந்தாலும் அப்பணம் தில்லி நாடாளுமன்றச் சாலையிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் முதலில் வந்திறங்க வேண்டும்.

இச்சட்டத்தின் அச்சம் பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவின் தேசிய மாணவர் சங்கத்துக்கு சி.ஐ.ஏ. பல்லாண்டுகள் மறைமுகமாகப் பணம் கொடுத்து வந்ததை 1967இல் ‘ராம்பார்ட்ஸ்’ இதழ் வெளிக்கொணர்ந்தது. மாணவர் அமைப்பை விலைக்கு வாங்க முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். இங்கே முதற்சட்டம் 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில் வந்தது. அக்காலத்து ஆட்சிக்கு மாணவர்மேல் இருந்த ஐயத்தையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான 2011 விதிகளில் 3ஆம் விதி, தங்கள் தரப்பின் அரசியல் நலனை முன்னெடுக்கும் உழவர், தொழிலாளர், மாணவர் அமைப்புகளையும், முழு அடைப்பு, சாலை மறியல் போன்றவற்றில் வழக்கமாக ஈடுபடும் அமைப்புகளையும் ‘அரசியல் தன்மை கொண்டவை’ என்று அறிவிக்க இடம் தந்தது. அறிவிக்கப்பட்டால் வெளிநாட்டுப் பணம் அறவே கூடாது. 2020 மார்ச்சில் உச்சநீதிமன்றம் இதன் வீச்சைக் குறுக்கியது: நேரடி அரசியலிலோ கட்சி அரசியலிலோ ஈடுபடுவோருக்கே இது பொருந்தும் என்றது.

கட்சிகளின் கதை வேறு. காங்கிரசும் பாரதிய ஜனதாவும் இச்சட்டத்தை மீறி வேதாந்தா குழுமத்தின் நிறுவனங்களிடம் நன்கொடை பெற்றதாக 2014இல் தில்லி உயர்நீதிமன்றம் கண்டது. உடனே திருத்தப்பட்டது சட்டந்தான். 2016, 2018 நிதிச் சட்டங்கள் ‘அயல்நாட்டு மூலம்’ என்பதன் வரையறையையே மாற்றி, 1976 ஆகஸ்ட் வரை பின்னோக்கிச் செல்லுபடியாக்கின. கடந்த காலத்தையே திருத்திக்கொள்ளும் வசதி எந்த மாணவர் மன்றத்துக்கு உண்டு?

வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துச் செல்கிறேன். அங்குள்ள சிற்பங்களும் கல்வெட்டும், அரசன் இல்லாத காலத்தில் குடிகளோடு கடிகையாரும் இரணியவர்மனிடம் போய் முறையிட்டதைச் சொல்கின்றன. அதன்பின்தான் பல்லவமல்லன் முடிசூடினான். கடிகை அக்காலக் காஞ்சியின் உயர்கல்விக் கூடம். அப்படியானால் 3ஆம் விதிப்படி கடிகை அரசியல் அமைப்பா என்று சென்ற முறை ஒரு மாணவி கேட்டாள். 2020 தீர்ப்புக்குப் பின் நேரடி அரசியலில் ஈடுபட்டதைக் காட்ட வேண்டும் என்றேன்.

“அரசனையே கொண்டுவந்திருக்கிறார்களே, ஐயா” என்றாள்.