பட்டறையும் தலைமையும்

எல்லாவற்றையும் தானே செய்தல், தொழிலைத் தோற்றுவிப்பவனுக்குத் தொடக்கத்திலே பலம். தொழில் வளர்ந்தபின் அதுவே தளை. யப்பானில் 1948 இல் தம் பெயரால் நிறுவனம் கண்ட சொய்சிரோ ஹொண்டா, அடுத்த ஆண்டில் வந்திணைந்த தகேயோ புஜிசவாவிடம் விற்பனையையும் நிதியையும் ஒப்படைத்தார். பட்டறையை மட்டும் விட்டுக்கொடுக்க அவர் மனம் இசையவில்லை. மோட்டார் வாகனத்துக்கு நீரால் குளிரூட்டப்படும் இயந்திரமே ஏற்றது என்றனர் இளம் பொறியியலாளர். காற்றே போதும் என்றார் ஹொண்டா. நிறுவனத்தின் தலைவராக இருக்கப்போகிறாரா, பொறியியலாளராகவே இருக்கப்போகிறாரா எனப் புஜிசவா அவரை வினவினார். ஹொண்டா இணங்கினார். அவ்விளைஞர் ஆக்கிய இயந்திரம் 1972 இல் அறிமுகமாகி, அமெரிக்காவின் கடுமையான புகைக்கட்டுப்பாட்டு விதிகளை நிறைவுசெய்தது. மறு ஆண்டு இருவரும் ஒருங்கே பதவி துறந்தனர். வல்ல கைக்குத் தன் கருவியைப் பிறரிடம் கொடுத்தல் அரிது. கொடுத்ததனாலேயே ஹொண்டா தலைவரானார்.