செய்யாமல் விட்டது

ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை அது. நாற்றங்காலில் சம்பா நாற்றுக்கு 35 நாள் ஆகியிருந்தது. வாய்க்காலில் முறைத் தண்ணீர் இன்னும் மூன்று நாளே வரும். மறுநாள் காலை நடவுக்கு வருவதாகப் பெண்கள் 14 பேர் வாக்குக் கொடுத்திருந்தனர். கடைசிச் சேற்றுழவு ஒன்றே எஞ்சியிருந்தது. கொட்டகையில் நின்ற டிராக்டரோ கிளம்ப மறுத்தது.

நாங்கள் அண்ணன் தம்பி இருவர். வண்டி இருவருக்கும் பொது. 250 மணி நேரம் ஓடிவிட்டபடியால், சனிக்கிழமை பிற்பகல் பராமரிப்பு வேலைகளை நாங்களே செய்து முடித்திருந்தோம். பழைய ஆயிலை வடித்துப் புதியது ஊற்றினோம். ஆயில் பில்டரையும், டீசல் பில்டர்கள் இரண்டையும் மாற்றினோம். ஏர் கிளீனரைக் கழுவினோம். ஓட்டுநர் அன்று விடுப்பு. மெக்கானிக் கூலி மிச்சமாயிற்றே என்ற மகிழ்ச்சி வேறு எங்களுக்கு. வேலை முடிந்து சாவியைத் திருப்பியதும் என்ஜின் உடனே பிடித்தது. சில நொடிகள் ஓடவிட்டு அணைத்துவிட்டுக் கைகழுவப் போனோம்.

அந்தச் சில நொடி ஓட்டமே எங்கள் அறிவை மறைத்தது. சனிக்கிழமை ஓடிய வண்டி திங்கட்கிழமை ஓடவில்லை என்றால், இடையில் நடந்தது என்ன? ஞாயிறு மாலை ஓட்டுநர் கேனில் டீசல் வாங்கி வந்து டாங்கில் ஊற்றினார். வேறொன்றும் நடக்கவில்லை. ஆகவே குற்றவாளி அவரே. பத்து முறைக்கு மேல் செல்ப் அடித்துப் பேட்டரியும் சோர்ந்துவிட்ட எரிச்சலில், இந்தத் தர்க்கம் எங்களுக்குக் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது.

"அண்ணே, பில்டர் மாத்தினப்ப..." என்று தொடங்கியவரை முடிக்க விடவில்லை. "எந்த பங்க்ல, என்னத்தைக் கலந்து வாங்கிட்டு வந்தே?" என்று எங்களில் மூத்தவர் கேட்டார். இளையவர் அதை மறுக்கவில்லை. மாறாக, வடிகுழாயின் கீழ் ஒரு கண்ணாடிப் புட்டியைப் பிடித்து டீசலை நிரப்பி, சாட்சிப் பொருளைப்போல ஜன்னலில் வைத்தார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தங்கிவிடும் அல்லவா? ஓட்டுநர் புட்டியையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாய்க்கால் பாலத்தைக் கடந்து வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று ஆண்டுகளில் ஒரு லிட்டர் டீசலுக்குக் கூடக் கணக்குத் தவறாதவர்.

நகரத்து மெக்கானிக்கைத் தொலைபேசியில் பிடிக்க நண்பகலாயிற்று. அவர் கேட்ட முதல் கேள்வி: "செல்ப் அடிக்கும்போது சைலன்சர்ல புகை வருதா?" வரவில்லை. புகை இல்லையெனில் டீசலே உள்ளே போகவில்லை என்றார். டீசல் போய் எரியாமல் இருந்தால் வெண்புகையாவது வருமாம். அடுத்த கேள்வி: "பில்டர் மாத்தினீங்களே, ஏர் எடுத்தீங்களா?" நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "உங்க டிரைவருக்குத் தெரியுமே! நான் நாளைக்குத்தான் வர முடியும்."

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் காற்று மட்டும் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவாக நெருக்கப்பட்டு 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது; அதில் டீசல் தூவப்பட்டதும் தானாகவே பற்றிக்கொள்கிறது. ருடால்ப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டியது இதைத்தான். ஆனால் அப்படித் தூவுவதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ அழுத்தம் வேண்டும். குழாயில் காற்றுக் குமிழிகள் இருந்தால், பம்பு எவ்வளவு தள்ளினாலும் காற்று சுருங்கி விரியுமே தவிர, நாசில் திறக்காது. புதிய பில்டர்களின் கிண்ணங்களில் நாங்கள் அடைத்து வைத்தது வெறும் காற்று. சனிக்கிழமை ஓடிய சில நொடிகள், பம்பில் எஞ்சியிருந்த பழைய டீசலின் தயவு.

ஒவ்வொரு பராமரிப்பின் போதும் ஓட்டுநர் என்ஜின் பக்கத்தில் குந்தி, கட்டை விரலால் எதையோ நெடுநேரம் அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம். கூலிக்காக நேரத்தைக் கடத்துகிறார் என்றுகூட எண்ணியதுண்டு. முந்தைய நாள் திருப்பலியின் தொடக்கத்தில்தான், செய்தவற்றோடு செய்யாமல் விட்டவற்றுக்காகவும் மார்பில் தட்டிக்கொண்டோம். அவரும் அதே ஆலயத்தில், பின்வரிசையில் நின்று தட்டிக்கொண்டிருந்திருப்பார்.

பாலத்தைக் கடந்து அவர் வீட்டு வாசலில் நாங்கள் நின்றது அதுவே முதல் முறை. இருவரும் நடந்து வந்த வழியெல்லாம் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தோம். வாசலில் அவருடைய மகள் எழுதிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள். சேர்த்த சொற்கள் எங்கோ போய்விட்டன. "வண்டி எடுக்கலை தம்பி. ஏர் எடுக்கணுமாம்" என்றுதான் சொல்ல முடிந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு முன்னே நடந்தார்.

அடுத்த வீட்டுப் பேட்டரியை இரவல் வாங்கி மாட்டினோம். அவர் முதலில் செய்தது, ஏர் ஸ்குரூக்களைச் சுற்றியிருந்த மண்ணைத் துணியால் துடைத்ததுதான். முதல் பில்டரின் ஸ்குரூவைத் தளர்த்தி, பம்பின் கை லீவரை அழுத்தினார். அது பிடிமானமில்லாமல் ஆடியது. என்ஜினைச் சற்றே சுற்றவிட்டு மறுபடி அழுத்தினார்; இப்போது விரலுக்குக் கனம் தெரிந்தது போலும். சோப்பு நுரைபோலப் பொங்கி வந்தது டீசல். நுரை குமிழியாகி, குமிழி குறைந்து, கடைசியில் ஒரே இழையாக வடிந்தது. அழுத்தும் கையை நிறுத்தாமலே மறுகையால் ஸ்குரூவை இறுக்கினார். பின்னர் இரண்டாவது பில்டர். அதன் பின் டீசல் பம்பு. இறுதியாக நாசில் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்தி, எங்களைச் செல்ப் அடிக்கச் சொன்னார். விட்டு விட்டுத் தெறித்தது. இறுக்கினார். சைலன்சர் ஒருமுறை வெண்புகை கக்கித் திணறியது, பிறகு பிடித்துக்கொண்டது.

மொத்தம் இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

மாலைக் கோயில் மணி ஒலித்தபோது வண்டி வயலில் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் இரவு பத்து மணி வரை உழுதார். வரப்பில் தேநீர் கொடுக்கும்போது, "நாங்க பேசினது தப்பு தம்பி" என்றார் எங்களில் மூத்தவர்.

"பேட்டரியை நாளைக்குச் சார்ஜ் போடணும்ணே" என்றார் அவர், தம்ளரைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் நடவு முடிந்தது. ஜன்னலில் இருந்த புட்டியை நாங்கள் மறந்தே போனோம். புதன்கிழமை காலை அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது நாங்களும் பார்த்தோம். அடியில் ஒரு துளித் தண்ணீர் இல்லை. டாங்கின் மூடியைத் திறந்து, துணி வைத்து வடிகட்டி ஊற்றினார். காலிப் புட்டியை எங்களிடம் நீட்டினார்.