வின்ட்ஸர் ஊர்ப் பூசணி

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பெரிய பொய்க்கு அதைவிடப் பொருத்தமான உவமை அவர்களுக்கு அகப்படவில்லை. கனடா தேசத்து வின்ட்ஸர் என்ற சிற்றூரின் பூசணியைப் பார்த்திருந்தால், அந்தப் பழமொழியையே அவர்கள் கைவிட்டிருப்பார்கள். அந்த ஊர் வித்தில் விளைந்த காய் ஒன்றை மறைக்க ஒரு கல்யாணத்துக்கு வடித்த சோறு முழுவதும் போதாது!

இங்கே பூசணி என்பது கல்யாணச் சாம்பாரில் போடும் வெண்பூசணி அல்ல. சில ஜில்லாக்களில் பரங்கி என்றும், சில இடங்களில் சர்க்கரைப் பூசணி என்றும் வழங்கும் மஞ்சள் பூசணியின் இனம். அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. வெயில் நாட்டில் பிறந்த அந்தக் கொடி, பனி நாட்டில் போய்ப் பூத உருவம் எடுத்த கதைதான் வின்ட்ஸரின் கதை.

கனடாவின் கிழக்குக் கோடியில், அட்லாண்டிக் சமுத்திரத்தை ஒட்டி, நோவா ஸ்கோஷியா என்ற மாகாணம் இருக்கிறது. அதன் தலைநகரான ஹாலிபாக்ஸ் துறைமுகத்திலிருந்து வடமேற்கே சுமார் 40 மைல் சென்றால் வின்ட்ஸர். அந்தப் பக்கத்து மைனாஸ் உப்பங்கழியில் கடல் ஏறி இறங்குவதைக் காண யாத்ரிகர்கள் வருவதுண்டு. கடலேற்றத்துக்கும் வற்றத்துக்கும் சில சமயங்களில் 50 அடி வித்தியாசம். தண்ணீர் வடிந்துவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண் சேறுதான். சுற்றுப்புறமெல்லாம் பசும்புல் நிலங்கள், மாட்டுப் பண்ணைகள், ஆப்பிள் தோட்டங்கள். 1765-ம் வருஷத்திலேயே விவசாயக் கண்காட்சி நடத்தத் தொடங்கிய ஊர் அது. ஆகவே, யார் வீட்டுக் காய் பெரிது என்ற போட்டி அந்த ஊருக்குப் புதிதல்ல.

ஆனால் சீதோஷ்ணத்தைக் கேட்டால் நம்மவர்கள் தலையை அசைப்பார்கள். மாரிக்காலம் முழுவதும் நிலத்தின்மேல் பனி. மே மாதக் கடைசியிலும் ஓர் இரவு உறைபனி விழுந்து இளங்கன்றுகளைக் கருக்கிவிடலாம். அக்டோபர் வந்தால் மறுபடியும் அதே பயம். நடுவே ஏறத்தாழ நான்கு மாதந்தான் கொடிக்குச் சொந்தம்.

அப்படியிருக்க, காய் எப்படிப் பெருக்கிறது? வின்ட்ஸர், பூமத்திய ரேகைக்கும் வட துருவத்துக்கும் ஏறக்குறைய நட்டநடுவே அமைந்த ஊர். ஜூன் மாதத்தில் அங்கே பகல் பதினைந்தரை மணி நேரம் நீடிக்கும். சென்னையிலோ 13 மணி கூட நிறையாது. நீண்ட பகலில் இலைகள் நிறையச் சம்பாதிக்கின்றன. இரவிலோ, சம்பாதித்ததில் ஒரு பங்கைச் செடி தன் மூச்சுக்குச் செலவழித்தாக வேண்டும். உஷ்ணம் மிகுந்தால் அந்தச் செலவும் மிகும். வின்ட்ஸர் இரவுகள் குளிர்ந்தவை. வரவு அதிகம், செலவு குறைவு. கெட்டிக்கார இல்லத்தரசி நடத்தும் குடும்பம்போல மிச்சமெல்லாம் காயில் போய்ச் சேருகிறது.

என்றாலும், நீண்ட பகல் மட்டும் போதாது, வித்தும் வேண்டும். கனடாவின் கோடரிச் என்ற ஊரைச் சேர்ந்த வில்லியம் வார்னக் 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு 400 ராத்தல் எடையுள்ள பூசணியை அனுப்பினார். 1904-ல் ஸெயின்ட் லூயி கண்காட்சிக்கு அனுப்பியது 403 ராத்தல். அதற்குப் பிறகு 1976 வரையில் அந்த எடையை மிஞ்சுவார் இல்லை.

வின்ட்ஸரில் மாட்டுப் பண்ணை வைத்திருந்த ஹவார்டு டில் என்ற குடியானவர் கலாசாலை விஞ்ஞானி அல்லர். அவருடைய தகப்பனாரும் கண்காட்சிக்குப் பூசணி வளர்த்தவர். மகன், வருஷந்தோறும் சிறந்த காயின் விதையையே எடுத்து வைத்தார். ஒரு நல்ல கொடியின் ஆண் பூவை இன்னொரு நல்ல கொடியின் பெண் பூவோடு சேர்த்தார். இப்படிப் பல வருஷம் பொறுத்திருந்து அவர் உண்டாக்கிய வித்துக்கு 'அட்லாண்டிக் ஜயண்ட்' என்று பெயர். 1979 முதல் 1982 வரை நான்கு வருஷம் தொடர்ந்து உலகப் போட்டியில் அவர் காய்க்கே முதல் இடம். 1981-ல் அவர் காய் 493.5 ராத்தல் நிறுத்தது.

வளர்க்கும் முறை, பிள்ளை வளர்ப்பது போன்றது. ஏப்ரல் கடைசியில் வீட்டுக்குள் கதகதப்பான இடத்தில் விதையை முளைக்கவைப்பார்கள். மே மாதத்தில் தோட்டத்தில் நட்டு, குளிர் படாமல் சிறு கூடாரம் போடுவார்கள். கொடி ஓட ஓட அதன் கணுக்களை மண்ணால் மூடினால், கணுவுக்குக் கணு வேர் இறங்கும். ஜூலையில் பூக்கும். நம் பெண்கள் மார்கழி விடியலில் கோலத்துக்குப் பூசணிப் பூப் பறிக்கும் அதே வேளையில், அங்கே ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவில் தடவுகிறார்கள். வண்டு வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடாதபடி முதல் நாள் மாலையே பெண் பூவைக் கட்டி வைத்திருப்பார்கள்.

பிறகுதான் மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டிய காரியம். ஒரு கொடிக்கு ஒரு காய்தான். மற்றப் பிஞ்சுகளையெல்லாம் கிள்ளி எறிந்துவிட வேண்டும். எது பெருக்கும், எது வெம்பும் என்று அந்தப் பச்சிளம் பிஞ்சைப் பார்த்து யார் சொல்ல முடியும்? தேர்ந்தெடுத்த காயைச் சூரியன் சுட்டுத் தோலை இறுக்காதபடி துணியால் மூடி நிழல் தருவார்கள். ஆகஸ்டில் அது ஒரே நாளில் 30, 40 ராத்தல் ஏறும். அந்த வேகமே அதற்கு யமன். ஓர் இரவில் தோல் தாளாமல் வெடித்து, வெடிப்பு உட்கூடு வரை போய்விட்டால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். அந்த வருஷத்து உழைப்பு மாட்டுத் தொட்டிக்குப் போகவேண்டியதுதான்.

டில் தம் வித்தை உலகமெங்கும் விலைக்கு அனுப்பினார். அதன் பலன் என்ன? அந்த வித்தை வாங்கியவர்களே அவரைத் தோற்கடித்தார்கள்! 1996-ல் ஒரு காய் 1,000 ராத்தலைத் தாண்டியது. 2012-ல் 2,000 ராத்தலை. 2023-ல் மின்னஸோட்டாக்காரர் ஒருவர் கலிபோர்னியாப் போட்டிக்குக் கொண்டுவந்த காய் 2,749 ராத்தல், அதாவது 1,247 கிலோ. எல்லாம் அட்லாண்டிக் ஜயண்ட் வம்சந்தான். இன்ன தாய், இன்ன தந்தை, இன்ன வருஷம் என்று விதைக்கு வம்சாவளி எழுதிவைப்பதும் அவர்கள் வழக்கம். நம் கல்யாணப் பத்திரிகை தோற்றது.

டில் 2008-ல் காலமானார். அவருக்கு முன்பே ஊருக்கு ஒரு புது வேடிக்கை கிடைத்திருந்தது. 1999-ல் வின்ட்ஸரின் பெஸக்விட் ஏரியில், இந்தப் பூசணிகளைக் குடைந்து பரிசல்போல ஏறி உட்கார்ந்து, துடுப்புப் போட்டுப் பந்தயம் விட்டார்கள். சாப்பாட்டுக்கு இந்தக் காய் அவ்வளவு சுகமில்லை, நீர்த்துப்போன சதை. ஓடமாகவாவது உதவட்டுமே!

நம் வீட்டுப் பெரியவர்களும் பூசணி விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி, ஆடிப் பட்டத்துக்கென்று முடிந்து வைப்பார்கள். ஆனால் நல்ல காய் கறிக்கும், மிஞ்சின காய் விதைக்கும் என்று பல வீடுகளில் ஆகிவிட்டது. வின்ட்ஸர் குடியானவர் செய்ததெல்லாம் இந்த வரிசையை மாற்றியதுதான். முதல் காயை விதைக்கு ஒதுக்கிவிட்டு, மற்றதைக் கறிக்கு எடுத்துக்கொண்டார்.